ஜர்னல் சந்தாவைக் குறைக்கச் சொன்னா எதைப் பாத்து முடிவு பண்றது?

ஆகஸ்ட் பாதி தாண்டினா போதும், காலேஜ் லைப்ரரில வாங்கற ஆராய்ச்சி ஜர்னல்களோட அடுத்த வருஷத்து ரின்யூவல் லிஸ்ட்டு, சந்தா ஏஜென்ட்கிட்டருந்து மெயில்ல வந்துரும். ஒரு எக்செல் ஷீட்டுதான், ஜர்னல் பேரு, ஒவ்வொரு ஜர்னலுக்கும் தனியா இருக்கற ஐ.எஸ்.எஸ்.என். நம்பரு, பப்ளிஷர், டாலர்லயோ பவுண்ட்லயோ யூரோலயோ விலைன்னு வரிசையா இருக்கும். கிட்டத்தட்ட அதே சமயத்துல ஆபீஸ்லருந்தும் ஒரு லெட்டர் வரும், "இந்த வருஷம் லைப்ரரிக்கு 30 சதவீதம் குறைச்சிருக்கு, அதுக்கேத்த மாதிரி லிஸ்ட்டை மாத்தி அனுப்புங்க"ன்னு. புதுசா லைப்ரரி வேலைக்கு வந்தவங்க இந்த ரெண்டு பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக்கிட்டு எங்க தொடங்கறதுன்னு தெரியாம உக்காந்திருக்கறதைப் பாத்திருக்கேன், நானும் அப்படி உக்காந்திருக்கேன். அவங்களுக்காகவும், "எங்க டிபார்ட்மெண்ட் ஜர்னலை ஏன் நிறுத்துனீங்க"ன்னு கேட்டு வர்ற ப்ரொஃபசருங்க, ஸ்காலருங்களுக்காகவும் தான் இதை எழுதறேன்.

எல்லாருக்கும் முதல்ல தோணறது ஒண்ணுதான். விலையைப் பெருசுலருந்து சிறுசா வரிசைப்படுத்தி மேல இருக்கற பத்தை அடிச்சிட்டா 30 சதவீதம் வந்துருமே. கணக்குக்கு வந்துரும், ஆனா அது தப்பான வழி. ஏன்னு புரியணும்னா இந்த விலை ஏன் இப்படி ஏறிக்கிட்டே போகுதுன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கணும்.

புக்கு வாங்கினா ஒரு தடவை காசு, அதோட முடிஞ்சுது. ஜர்னல் அப்படி இல்ல, வருஷா வருஷம் கட்டணும், கட்டலைன்னா அடுத்த இதழ் வராது. அதை விட முக்கியம், ஒரு ஜர்னலுக்கு பதிலா இன்னொண்ணு வாங்கிக்க முடியாது. அரிசி விலை ஏறினா வேற கடைக்குப் போகலாம், ஆனா ஒரு ஸ்காலருக்கு வேண்டிய கட்டுரை ஒரே ஒரு ஜர்னல்லதான் வந்திருக்கும், வேற எந்த ஜர்னலை வாங்கிப் போட்டாலும் அவங்களுக்கு அது உதவாது. எழுதறவங்களுக்கும் பணம் கிடையாது, அதைப் படிச்சு சரி பாத்துச் சொல்ற ரிவ்யூவருக்கும் பெரும்பாலும் கிடையாது, அந்த ரெண்டு பேருக்கும் சம்பளம் குடுக்கற காலேஜே கடைசில அந்த ஜர்னலை விலை குடுத்து வாங்குது. போட்டியே இல்லாத சந்தைல விலை ஏறத்தானே செய்யும். ஹார்வர்ட் யுனிவர்சிட்டியோட லைப்ரரி ஆலோசனைக் குழு 2012 ஏப்ரல்ல அவங்க ப்ரொஃபசர்களுக்கு ஒரு அறிக்கை அனுப்புச்சு, பெரிய பப்ளிஷர்களுக்கு மட்டும் வருஷத்துக்கு 37.5 லட்சம் டாலர் கிட்ட போகுது, சில ஜர்னல் ஒண்ணே 40,000 டாலர் ஆகுது, இது இப்படியே தொடர முடியாதுன்னு. ஹார்வர்டே அப்படிச் சொல்லும்போது நம்ம ஊரு காலேஜ் லைப்ரரி என்ன பண்ணும்.

வருஷத்துக்கு 5 சதவீதம் ஏறுதுன்னு வைங்க, கேக்க சின்னதா இருக்கும், ஆனா 14 வருஷத்துல விலை கிட்டத்தட்ட ரெட்டிப்பாயிரும். நமக்கு இதுக்கு மேல டாலர் பிரச்சினை வேற. 2013 ஆரம்பத்துல டாலர் 54, 55 ரூபாய் கிட்ட இருந்துச்சு, அதே ஆகஸ்ட் கடைசில 68ஐத் தொட்டுச்சு. பப்ளிஷர் ஒரு பைசா ஏத்தலைன்னாலும் எட்டே மாசத்துல 1,000 டாலர் ஜர்னலுக்கு நாம 13,000 ரூபாய் கூடக் கட்டவேண்டிய நிலைமை. அதனால பட்ஜெட்டைக் குறைக்காம அப்படியே வெச்சிருந்தாலும் நடைமுறைல அது வெட்டுதான், இதை மேனேஜ்மெண்ட்கிட்ட எடுத்துச் சொல்ற பொறுப்பும் லைப்ரரியன்கிட்டதான் இருக்கு. ஒரு வருஷக் கணக்கைக் காட்டாதீங்க, அஞ்சு வருஷத்துக்கு டாலர் விலை தனியா, ரூபாய் விலை தனியான்னு ரெண்டு வரிசையாப் போட்டுக் காட்டுங்க, எது எதனால ஏறுச்சுன்னு பாத்த உடனே தெரியும்.

அடுத்து பேக்கேஜ் விஷயம். லைப்ரரிக்காரங்க இதை பிக் டீல்னு சொல்லுவாங்க. 1996ல அகாடமிக் பிரஸ்ங்கற பப்ளிஷர் தங்களோட எல்லா ஜர்னலையும் ஒரே மூட்டையா கட்டி, லைப்ரரிகளோட கூட்டமைப்புகளுக்கு ஆன்லைன்ல குடுக்க ஆரம்பிச்சாங்க, அதுக்கப்புறம் பெரிய பப்ளிஷருங்க எல்லாருமே அந்த வழிக்கு வந்துட்டாங்க. கேபிள் டிவி பேக்கேஜ் மாதிரிதான், நாம பாக்கறது ஆறு சேனல், ஆனா இருநூறு சேனலுக்குச் சேத்து கட்டறோம், அந்த ஆறை மட்டும் தனியா கேட்டா கிட்டத்தட்ட அதே காசு ஆகும். ஜர்னல்லயும் அதேதான். பேக்கேஜ்ல 500 ஜர்னல் இருக்கு, அதுல 100 வேண்டாம்னு எடுத்தா அஞ்சுல ஒரு பங்கு பணம் மிஞ்சும்னு நெனைக்கக் கூடாது, பேக்கேஜை உடைச்ச உடனே மிச்சம் இருக்கறதுக்கெல்லாம் தனி விலை போட்டுருவாங்க. இன்னொண்ணு, நிறைய ஒப்பந்தத்துல இத்தனை சதவீதத்துக்கு மேல குறைக்கக் கூடாதுன்னு ஒரு வரி இருக்கும், மூணு வருஷ ஒப்பந்தமா இருந்தா நடுவுல நிறுத்தவே முடியாது, நிறுத்தறதா இருந்தா 60 நாள், 90 நாள் முன்னாடியே எழுத்துல சொல்லணும்னும் இருக்கும். அதனால லிஸ்ட்டைத் தொடறதுக்கு முன்னாடி அந்த ஒப்பந்தப் பேப்பரைத் தேடி எடுங்க. பல எடத்துல அது லைப்ரரிலயே இருக்காது, பர்ச்சேஸ் செக்ஷன் பீரோல எங்கயாவது கெடக்கும்.

சரி, இப்ப கணக்குக்கு வருவோம், இங்கதான் நான் கொஞ்சம் நிதானமா சொல்லப் போறேன், ஏன்னா தப்பு நடக்கறது பெரும்பாலும் இங்கதான்.

ஆன்லைன் ஜர்னலை யாரு எத்தனை தடவை எடுத்தாங்கன்னு பப்ளிஷர் ரிப்போர்ட் குடுப்பாங்க. முன்னாடி ஒவ்வொரு பப்ளிஷரும் அவங்க இஷ்டத்துக்கு எண்ணிக்கிட்டு இருந்தாங்க, 2002ல கவுண்ட்டர்னு ஒரு பொது அமைப்பு வந்து எல்லாரும் ஒரே மாதிரி எண்ணணும்னு விதி போட்டுச்சு. இப்ப புழக்கத்துல இருக்கறது அதோட அஞ்சாவது வெர்ஷன், 2019ல வந்தது, அதுக்கு 2025லருந்து 5.1னு ஒரு திருத்தமும் வந்திருக்கு. இந்த ரிப்போர்ட்டைத் திறந்தா ரெண்டு வகை எண்ணிக்கை இருக்கும். இன்வெஸ்டிகேஷன்ங்கறது ஒருத்தர் அந்தக் கட்டுரை சம்பந்தமா எதைத் தொட்டாலும் கணக்கு, சுருக்கத்தை மட்டும் பாத்துட்டு மூடிட்டாக் கூட ஏறும். ரெக்வஸ்ட்ங்கறது முழுக் கட்டுரையையும் திறந்தாத்தான், இல்லன்னா டவுன்லோட் பண்ணினாத்தான். நமக்கு வேண்டியது ரெண்டாவது. அதுலயும் டோட்டல்னு ஒண்ணு, யூனிக்னு ஒண்ணு இருக்கும். ஒரே ஆள் ஒரு கட்டுரையை முதல்ல ஸ்கிரீன்ல திறந்து, அப்புறம் பி.டி.எஃப். இறக்கினா டோட்டல்ல ரெண்டு, யூனிக்ல ஒண்ணு. யூனிக்கைத்தான் எடுத்துக்கணும், இல்லன்னா திறந்த உடனே ஸ்கிரீன்ல காட்டற பப்ளிஷரோட நம்பர் மட்டும் சும்மாவே பெருசாத் தெரியும்.

ரிப்போர்ட்டுலயும் நாலு வகை, அதுல நமக்கு வேண்டியது மூணு. டி.ஆர்.ஜே.1ல காசு குடுத்து வாங்கற கட்டுரைகளோட பயன்பாடு, எல்லாருக்கும் ஃப்ரீயா வெளியிட்ட கட்டுரை அதுல சேராது. டி.ஆர்.ஜே.2ல நம்மகிட்ட இல்லாததைத் திறக்கப் போயி திரும்பி வந்தவங்களோட கணக்கு, இதை யாருமே பாக்கறதில்ல, ஆனா எது வேணும்னு ஜனங்க தேடறாங்கன்னு இதுலதான் தெரியும். டி.ஆர்.ஜே.4ல எந்த வருஷத்து கட்டுரையை எடுத்தாங்கன்னு பிரிச்சுக் காட்டும். என்னைக் கேட்டா இந்த நாலாவதுதான் வெட்டற வேலைக்கு ரொம்ப முக்கியமானது.

வழக்கமா எல்லாரும் செய்யற கணக்கு, சந்தாத் தொகையை ரெக்வஸ்ட் எண்ணிக்கையால வகுக்கறது. ஒரு கட்டுரையை ஒரு தடவை படிக்க எவ்வளவு ஆச்சுங்கற கணக்கு, காஸ்ட் பெர் யூஸ்னு சொல்லுவாங்க. உதாரணத்துக்கு ஒரு ஜர்னல் வருஷத்துக்கு 2,50,000 ரூபாய், 400 ரெக்வஸ்ட் இருக்குன்னு வைங்க, ஒண்ணுக்கு 625 ரூபாய். இன்னொரு சின்ன ஜர்னல் 38,000 ரூபாய், வெறும் 19 ரெக்வஸ்ட், ஒண்ணுக்கு 2,000 ரூபாய். இதை மட்டும் பாத்தா முதல்து இருக்கட்டும், ரெண்டாவது போகட்டும்னு தோணும் இல்லையா?

நான் அப்படித்தான் ஒரு தடவை முடிவு பண்ணினேன். அந்த ரெண்டாவது ஒரு தாவரவியல் ஜர்னல், செடிகளை அடையாளம் கண்டு வகைப்படுத்தறது சம்பந்தப்பட்டது. நிறுத்திட்டோம். ஜனவரி மூணாவது வாரம் ஒரு ஸ்காலர் பொண்ணு கவுண்ட்டர்ல வந்து நின்னுச்சு, கைல ஒரு நோட்டு, அதுல அந்த ஜர்னலோட கட்டுரைத் தலைப்பு, வால்யூம் நம்பரெல்லாம் பென்சில்ல எழுதி டிக் அடிச்சு வெச்சிருக்கு. "மேடம், போன மாசம் வரைக்கும் திறந்துச்சு, இப்ப காசு கேக்குது"ன்னுச்சு. நோட்டைப் புரட்டிப் பாத்தேன், போன வருஷம் எடுத்ததுன்னு 19 கட்டுரை இருந்துச்சு. அந்த 19 ரெக்வஸ்ட்டும் அந்த ஒரே பொண்ணோடது! பி.எச்டி. மூணாவது வருஷம், அந்த ஒரு ஜர்னலை வெச்சுத்தான் பாதி தீசிஸ். எனக்கு அது வெறும் ஒரு சின்ன நம்பரு, அந்தப் பொண்ணுக்கு மூணு வருஷ உழைப்பு. அன்னைக்கு சாயங்காலமே டி.ஆர்.ஜே.4 எடுத்துப் பாத்தேன், 19மே கடைசி ரெண்டு வருஷத்து இதழ்லருந்துதான், வேற எங்கயும் கிடைக்காதது.

அதுக்கப்புறம் அந்த பெரிய ஜர்னலுக்கும் அதே ரிப்போர்ட்டைப் போட்டுப் பாக்கறேன், நான் மேல சொன்ன 400ஐ வெச்சே சொல்றேன், ஒரு கணக்குக்கு. அந்த 400ல 310 பழைய வருஷத்து இதழ்களோடது, அந்த வருஷங்களுக்கு நாம ஏற்கெனவே சந்தா கட்டியிருக்கோம், ஒப்பந்தப்படி நிறுத்தினாலும் அது நமக்குத் திறந்தேதான் இருக்கும். மிச்சம் 90. அதுல 40 கட்டுரையை எழுதினவங்களே அவங்க யுனிவர்சிட்டி ரெப்பாசிட்டரில, அதாவது கட்டுரைகளைச் சேத்து வைக்கற சைட்ல, ஃப்ரீயா போட்டிருக்காங்க. ஆக சந்தா இல்லாம நிஜமாவே கிடைக்காதது 50தான். இப்ப 2,50,000ஐ 50ஆல வகுங்க, ஒண்ணுக்கு 5,000 ரூபாய். சின்ன ஜர்னலுக்கு நிறுத்தினா பழைய இதழும் திறக்காது, அதனால இதே மாதிரி கழிச்சுப் பாத்தா எதுவுமே கழியல, 2,000 ரூபாய்தான். முதல் கணக்கு சொன்னதுக்கு அப்படியே தலைகீழா ஆயிடுச்சு. பப்ளிஷர் சைட்ல ஒரு கட்டுரையைத் தனியா காசு குடுத்து வாங்கினாலே பெரும்பாலும் 30, 40 டாலர்தான், அப்ப 5,000 ரூபாய்ங்கறது எவ்வளவு அதிகம்னு பாத்துக்குங்க.

அதனால கேக்க வேண்டிய கேள்வியை மாத்திக்கணும். "இதை எத்தனை பேர் படிச்சாங்க"ன்னு கேக்காம, "நாளைக்கு இதை நிறுத்தினா, தேடி வர்ற ஆளுக்கு இந்தக் கட்டுரை எந்த வழியா, எத்தனை நாள்ல கிடைக்கும்"னு கேளுங்க. ஒவ்வொரு ஜர்னலுக்கு நேராவும் இந்தக் கேள்விக்கு பதில் எழுதிட்டீங்கன்னா முக்கால்வாசி வேலை முடிஞ்சுது.

அந்த வழிகள் என்னென்னன்னு சொல்றேன். முதல்ல நாம சந்தா கட்டின வருஷத்து இதழ்கள், ஆனா ஒப்பந்தத்துல நிரந்தர உரிமைன்னு தெளிவா எழுதியிருக்கணும், வெறும் டேட்டாபேஸ் சந்தாவா இருந்தா கட்டறதை நிறுத்தின அன்னைக்கே எல்லாமே போயிரும், பழசு உட்பட. இந்த வித்தியாசம் தெரியாம நிறுத்திட்டு தவிச்சவங்க உண்டு. ரெண்டாவது, வேற ஏதாவது டேட்டாபேஸ்ல அதே ஜர்னல் வருதான்னு பாக்கறது, வரும் ஆனா கடைசி ஒரு வருஷம் மறைச்சு வெச்சிருப்பாங்க, ஜேஸ்டோர் மாதிரி எடத்துல பெரும்பாலும் மூணுலருந்து அஞ்சு வருஷம் மறைவு. வரலாறு, இலக்கியம் படிக்கறவங்களுக்கு அஞ்சு வருஷம் பெரிய விஷயம் இல்லாம இருக்கலாம், மெடிக்கல்காரங்களுக்கு அஞ்சு வருஷம்னா அது கிடைச்சும் பிரயோஜனமில்ல. மூணாவது, ஃப்ரீ காப்பி. அன்பேவால்னு ஒரு டூல் இருக்கு, ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியா இருக்கற டி.ஓ.ஐ. நம்பரைக் குடுத்தா சட்டப்படி ஃப்ரீயா எங்க கிடைக்குதுன்னு சொல்லிரும், ஒரு ஜர்னல்லருந்து போன வருஷத்து கட்டுரை ஒரு ஐம்பதை எடுத்து அதுல போட்டுப் பாத்தாலே அந்த ஜர்னல் நிலவரம் புரிஞ்சுரும். ஃபிசிக்ஸ் ஆளுங்களுக்கு 1991லருந்தே ஆர்க்கைவ்னு ஒரு ஃப்ரீ சைட் இருக்கு, அப்புறம் கணிதக்காரங்களும் அதுல சேந்தாங்க, ஜர்னல்ல வர்றதுக்கு முன்னாடியே அங்க போட்டுருவாங்க. நாலாவது, வேற லைப்ரரிலருந்து காப்பி வாங்கறது, நம்ம ஊர்ல டெல்நெட் மாதிரி அமைப்புல மெம்பரா இருந்தா கேட்டு வாங்கிக் குடுக்கலாம். கடைசியா, எழுதினவருக்கே ஒரு மெயில் போடறது, ஆச்சரியமா இருக்கும், நிறைய பேர் சந்தோஷமா அனுப்பி வைப்பாங்க.

ஆனா "எத்தனை நாள்ல"ங்கறதை மறந்துராதீங்க. சீர்காழில பொறந்து மெட்ராஸ் யுனிவர்சிட்டி லைப்ரரியனா இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931ல அஞ்சு விதி எழுதினாரு, அதுல நாலாவது, வாசகரோட நேரத்தை மிச்சப்படுத்துங்கறது. வேற லைப்ரரிலருந்து வர ஒரு வாரம் ஆகும்னா அந்த ஒரு வாரமும் ஒரு செலவுதான், பில்லுல வராத செலவு. தீசிஸ் சப்மிட் பண்ண இருக்கற ஸ்காலருக்கு அது ரொம்ப பெரிய செலவு.

நம்பரே பொய் சொல்ற சமயமும் உண்டு. ஒரு எடத்துல ஒரு பப்ளிஷரோட மொத்த ஜர்னலுக்கும் மார்ச்சுக்கு அப்புறம் பூஜ்யம்னு ரிப்போர்ட் வந்துச்சு, யாருமே படிக்கலைன்னு வெட்டற லிஸ்ட்ல போட்டுட்டாங்க. விசாரிச்சா, மார்ச்ல காலேஜ் இன்டர்நெட் கம்பெனியை மாத்தியிருக்காங்க, காலேஜை பப்ளிஷர் அடையாளம் கண்டுக்கற ஐ.பி. நம்பர் மாறிடுச்சு, பப்ளிஷருக்கு புது நம்பரை யாரும் சொல்லல, அதனால காலேஜுக்குள்ளருந்தே எதுவும் திறக்கல! படிக்க வந்தவங்க எல்லாம் வாசல்லயே திரும்பிப் போயிருக்காங்க, காசு மட்டும் கட்டிக்கிட்டே இருந்திருக்காங்க. ஹாஸ்டல்லருந்தோ வீட்டுலருந்தோ திறக்க வசதி இல்லாத காலேஜ்லயும் நம்பர் கம்மியாத்தான் இருக்கும். அப்புறம் சை-ஹப் மாதிரி திருட்டு சைட்லருந்து இறக்கிக்கறவங்க நம்ம கணக்குல வரவே மாட்டாங்க, அது மேல எல்செவியர், வைலி, அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டிங்கற மூணு பப்ளிஷரும் சேந்து 2020 டிசம்பர்ல டெல்லி ஹைகோர்ட்ல கேஸ் போட்டதெல்லாம் பேப்பர்ல வந்தது. அச்சுல வர்ற ஜர்னலுக்கோ ரிப்போர்ட்டே கிடையாது, மேசைல படிச்சிட்டு வெச்சுட்டுப் போறதை அட்டெண்டர் திரும்ப ராக்ல வைக்கும்போது ஒரு நோட்டுல கோடு போடச் சொல்லுங்க, ரெண்டு மாசம் பண்ணினாலே ஒரு உருவம் கிடைச்சுரும்.

துறைக்குத் துறையும் மாறும். கெமிஸ்ட்ரில ஆள் அதிகம், வேகமா நிறைய படிப்பாங்க. கணக்கு டிபார்ட்மெண்ட்ல நாலு பேர் இருப்பாங்க, ஒரு கட்டுரையை மாசக்கணக்குல படிப்பாங்க, முப்பது வருஷத்துக்கு முன்னாடி வந்ததையும் தேடுவாங்க. ரெண்டையும் ஒரே தராசுல போட்டா கணக்கு டிபார்ட்மெண்ட்டுக்கு ஒரு ஜர்னல் கூட மிஞ்சாது. அதனால முதல்ல துறைக்குள்ள மட்டும் ஒப்பிடுங்க, அதுக்கப்புறம் காலேஜ் முழுக்க பாருங்க.

பெரிய அளவுல இதை எப்படிப் பண்ணினாங்கன்னு தெரிஞ்சுக்க நியூயார்க் மாநில யுனிவர்சிட்டி, அதாவது சுனி, நல்ல உதாரணம். 64 கேம்பஸ் சேந்தது. 2020 ஏப்ரல்ல, கொரோனா ஆரம்பிச்சு பணம் எப்படி வரும்னே தெரியாத நேரம், எல்செவியரோட பெரிய பேக்கேஜை ரின்யூ பண்ணாம 248 ஜர்னலை மட்டும் தேர்ந்தெடுத்து வாங்கறதா அறிவிச்சாங்க. வருஷத்துக்கு 50லருந்து 70 லட்சம் டாலர் மிஞ்சும்னு கணக்கு. அதுக்கு அவங்க பயன்படுத்துன டூல், அன்பேவால் பண்ணின அதே குழு உருவாக்குனது, இப்ப அன்சப்னு பேரு. நான் மேல கையால போட்ட கழித்தல் கணக்கு இருக்கு பாருங்க, பழைய வருஷத்து உரிமை எவ்வளவு, ஃப்ரீ காப்பி எவ்வளவு, மிச்சத்தை வேற லைப்ரரிலருந்து வாங்கினா எவ்வளவு ஆகும்னு, அதையேதான் அது ஆயிரக்கணக்கான ஜர்னலுக்கு ஒரே நேரத்துல போட்டுத் தரும். அதே மாசம் சாப்பல் ஹில்ல இருக்கற நார்த் கரோலினா யுனிவர்சிட்டியும் வருஷத்துக்கு 26 லட்சம் டாலர் ஆயிட்டிருந்த பேக்கேஜை விட்டாங்க.

அவ்வளவு பெரிய பேக்கேஜுக்கு பதிலா 248 போதும்னு எப்படி தைரியம் வந்துச்சுன்னு கேக்கலாம். லண்டன் சயின்ஸ் மியூசியம் லைப்ரரில இருந்த பிராட்ஃபோர்ட்ங்கறவர் 1934லயே சொன்ன விஷயம்தான் அது, ஒரு துறைல வர்ற கட்டுரைகள்ல பெரிய பங்கு ஒரு சில ஜர்னல்லயே வந்துரும், மிச்சம் நூத்துக்கணக்கான ஜர்னல்ல ஒண்ணு ரெண்டா சிதறிக் கெடக்கும்னு. பயன்பாடும் அதே மாதிரிதான் குவியும். ஆனா அந்த சிதறின ஓரத்துல தான் என்னோட தாவரவியல் ஸ்காலர் மாதிரி ஆளுங்க இருக்காங்க, அதனால நடுவுல குவியறதை மட்டும் காப்பாத்திட்டா போதும்னு நிம்மதியா இருந்துர முடியாது.

கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி கதை கொஞ்சம் வேற. அவங்க 2019 பிப்ரவரி கடைசில எல்செவியரோட பேச்சுவார்த்தையை விட்டு வெளிய வந்தாங்க, வருஷத்துக்கு கிட்டத்தட்ட 1.1 கோடி டாலர் ஒப்பந்தம் அது, பணம் மட்டும் காரணம் இல்ல, தங்களோட ஆளுங்க எழுதற கட்டுரை எல்லாருக்கும் ஃப்ரீயா திறக்கணும்னு கேட்டாங்க. ரெண்டு வருஷம் சந்தா இல்லாமயே ஓட்டினாங்க, 2021 மார்ச்ல கேட்டதுக்கு இணங்கி புது ஒப்பந்தம் வந்துச்சு. அமெரிக்காவோட மொத்த ஆராய்ச்சில கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்கு அவங்களோடது, அந்த பலம் இருந்ததால முடிஞ்சுது. ஒத்தை காலேஜ் அதே மாதிரி எழுந்து வந்தா பப்ளிஷருக்கு ஒண்ணும் ஆகாது, சேந்து பேசினாத்தான் எடுபடும்.

இந்தியால அந்த சேந்து பேசறது இப்ப நாட்டளவுல நடந்திருக்கு. அரசு நிறுவனங்கள் எல்லாத்துக்கும் சேத்து மத்திய அரசே சந்தா கட்டற 'ஒரு நாடு ஒரு சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பர் 25 அன்னைக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் குடுத்துச்சு, 2025, 2026, 2027 மூணு வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பப்ளிஷர், கிட்டத்தட்ட 13,000 ஜர்னல், 6,300க்கு மேல அரசு கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள், காந்திநகர்ல இருக்கற இன்ஃப்லிப்நெட்ங்கற லைப்ரரி நெட்வொர்க் மையம் மூலமா நடக்குது. நீங்க அரசு யுனிவர்சிட்டிலயோ அரசு காலேஜ்லயோ இருந்தா உங்க லிஸ்ட்டுல முதல் வேலை, அந்த 13,000ல ஏற்கெனவே இருக்கறதுக்கு நீங்க தனியா காசு கட்டறீங்களான்னு ஒவ்வொண்ணா ஒப்பிட்டுப் பாக்கறது, ஐ.எஸ்.எஸ்.என். நம்பரை வெச்சு ஒப்பிடுங்க, பேரை வெச்சுப் பாத்தா தப்பு வரும், ஒரே மாதிரி பேர் நிறைய உண்டு. தனியார் சுயநிதி காலேஜ்கள் இந்த முதல் கட்டத்துல இல்ல, தமிழ்நாட்டு இன்ஜினியரிங் காலேஜ்ல பெரும்பங்கு அதுதான், அங்க படிக்கற பிள்ளைங்களுக்கு இந்தக் கதவு இன்னும் திறக்கலங்கறது எனக்கு உண்மையிலேயே வருத்தமா இருக்கு. அங்க இருக்கறவங்க மேல சொன்ன கணக்கு முழுசையும் சொந்தமாத்தான் போட்டாகணும்.

இப்ப டிபார்ட்மெண்ட்ல கேக்கறது எப்படின்னு சொல்றேன். "இந்த ஜர்னல் வேணுமா வேண்டாமா"ன்னு சர்க்குலர் அனுப்பினா எல்லா எச்.ஓ.டி.யும் எல்லாமே வேணும்னுதான் எழுதி அனுப்புவாங்க, நானா இருந்தாலும் அப்படித்தான் எழுதுவேன். அதுக்கு பதிலா விலையையும் உங்க கணக்கையும் கூடவே போட்டு அனுப்பி, "உங்க துறைக்கு இவ்வளவு தொகை இருக்கு, எந்த வரிசைல காப்பாத்தணும்"னு கேளுங்க, பேச்சு உடனே மாறிடும். எச்.ஓ.டி.கிட்ட மட்டும் கேக்காம, பி.எச்டி. ஸ்காலர் ஒவ்வொருத்தர்கிட்டயும் "நீங்க இல்லாம முடியாதுன்னு நெனைக்கற மூணு ஜர்னல் எது"ன்னு கேளுங்க. ஒரு பக்க ஃபார்ம் போதும். அந்த தாவரவியல் விஷயத்துக்கு அப்புறம் நான் இதை ஒரு வருஷம் கூட விட்டதில்ல. காலேஜ்களுக்குத் தரச்சான்று குடுக்கற நாக் அமைப்போட குழு வர்ற வருஷமா இருந்தா அதையும் பாத்துக்குங்க, லைப்ரரிக்கு வருஷா வருஷம் எவ்வளவு செலவழிச்சீங்க, ஈ-ஜர்னல் சந்தா இருக்கான்னு அவங்க கேப்பாங்க, மேனேஜ்மெண்ட்கிட்ட இதைச் சொன்னா 30 சதவீதம் சில சமயம் 20 ஆகும்.

காலம்தான் பெரிய சிக்கல். ஜர்னல் வருஷம் ஜனவரிலருந்து டிசம்பர், நம்ம நிதியாண்டு ஏப்ரல்லருந்து மார்ச். ஜூன்ல குறைக்கச் சொன்னாலும் நடப்பு வருஷத்துக்குக் கட்டினது கட்டினதுதான், திரும்ப வராது, குறைக்கறது அடுத்த ஜனவரிக்குத்தான், அதுக்குப் பணம் போறது நவம்பர், டிசம்பர்ல. டிபார்ட்மெண்ட்ல பதில் வாங்கவே ஒரு மாசம் ஆகும், லைப்ரரி கமிட்டி கூடறதுக்கு ஒரு மாசம், அதனால லெட்டர் வர்ற வரைக்கும் காத்திருக்காம ஜூலைலயே ரிப்போர்ட்டை இறக்கி வெச்சுருங்க. ஏஜென்ட்கிட்ட பேசும்போது டாலரை ரூபாயா எந்த ரேட்டுல, எந்தத் தேதில மாத்தறாங்கன்னு கொட்டேஷன்லயே எழுதி வாங்கிக்குங்க, பேங்க் ரேட்டா, புக்கு, ஜர்னல் விக்கறவங்களோட குட் ஆஃபீசஸ் கமிட்டி போடற ஜி.ஓ.சி. ரேட்டான்னு. நூத்துக்கணக்கான ஜர்னல்ல ரெண்டு ரூபாய் வித்தியாசம்கூட ஒரு சின்ன ஜர்னலோட சந்தா அளவுக்கு வந்துரும்.

நிறுத்தினதுக்கு அப்புறமும் வேலை இருக்கு. ஜனவரி முதல் வாரத்துலயே உக்காந்து, நமக்கு உரிமை இருக்கற பழைய வருஷத்து இதழ் நிஜமாவே திறக்குதான்னு ஒவ்வொரு ஜர்னல்லயும் ரெண்டு கட்டுரையைத் தட்டிப் பாருங்க, திறக்கலைன்னா அன்னைக்கே ஒப்பந்தப் பக்கத்தோட மெயில் போடுங்க. லைப்ரரி வெப்சைட்ல இருக்கற லிங்க்கை மாத்துங்க, இல்லன்னா பிள்ளைங்க போய் போய் முட்டிக்கிட்டு வருவாங்க. நிறுத்தின ஜர்னல் பேரையும், வேணும்னா யார்கிட்ட கேக்கணும்ங்கறதையும் நோட்டீஸ் போர்டுல வெளிப்படையா போடுங்க. அப்புறம் கவுண்ட்டர்ல ஒரு நோட்டு வைங்க, யாரு எந்த கட்டுரை கேட்டு வந்தாங்க, எந்த வழில வாங்கிக் குடுத்தோம், எத்தனை நாள் ஆச்சுன்னு மூணு பத்தி.

எங்க நோட்டுல அந்த வருஷம் முதல் பக்கம் முழுக்க அந்தப் பொண்ணோட பேருதான். மூணு கட்டுரை எழுதினவங்களே மெயில்ல அனுப்புனது, நாலு நாள். ரெண்டு வேற லைப்ரரிலருந்து வந்தது, பதினோரு நாள். ஒண்ணு கிடைக்கவே இல்ல. அடுத்த ஆகஸ்ட்ல லிஸ்ட்டு வந்தப்போ அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து கமிட்டி ஃபைல்ல வெச்சேன், 38,000 ரூபாய் ஜர்னல் திரும்ப வந்துச்சு, பெரிய ஜர்னல் நின்னுச்சு. பொண்ணு அதுக்கடுத்த மே மாசம் தீசிஸ் சப்மிட் பண்ணிருச்சு.